அண்ணி வந்தபின் தொடங்கிய இரைச்சல்

போன சனிக்கிழமை நம் மூத்தோர் கூட்டத்தில் மைக் செட் இரைந்ததே, ஞாபகம் இருக்கிறதா? பேச்சு பாதி, கர்ர்ர் என்ற சத்தம் பாதி. நாலு பேர் ஓடிப்போய் ஸ்பீக்கரை முன்னும் பின்னும் திருப்பினார்கள். ஒருவர் வயரைப் பிடுங்கி மறுபடி சொருகினார். கடைசியில் எல்லாரும் சேர்ந்து மைக் செட்காரரைப் பிடித்துக்கொண்டார்கள். "நீங்கதான் என்னமோ பண்ணிட்டீங்க. வர்ற வழியில கீழ போட்டுட்டீங்களா?" என்று நம்மில் ஒருவர் கேட்டார். அந்த இடத்தில்தான் நான் எழுந்து வெளியே போனேன். எனக்குப் பிரஷர் ஏறிவிட்டது என்று நினைத்து இரண்டு பேர் தண்ணீர் பாட்டிலோடு பின்னாலேயே வந்தீர்கள். பிரஷரும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. கோபம். அறுபது வருஷத்துக் கோபம்.

அதை உங்களிடம் சொன்னால்தான் புரியும். நீங்களும் ரப்பர் தோட்டத்திலும் ரயில் லைனிலும் பிறந்து வளர்ந்தவர்கள். என் பிள்ளைகளிடம் ஒரு தடவை சொன்னேன். "ஒரு கிராமபோனுக்கா இவ்வளவு சண்டை?" என்று சிரித்தார்கள். அட போங்கள் என்று விட்டுவிட்டேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. லாயாங் லாயாங் என்ற சின்ன ஊரின் ஸ்டேஷனை அடுத்து, தண்டவாளத்தை ஒட்டினாற்போல ரயில்வே வீடுகள் ஒரு வரிசை இருந்தன. பலகைச் சுவர், தகரக் கூரை. வீட்டைச் சுற்றி எப்போதும் தார் வாசனை. தண்டவாளத்துக்கு அடியில் போடும் சிலிப்பர் கட்டைகளுக்குப் பூசும் தார். கொடியில் காயும் வெள்ளைத் துணியில் இன்ஜின் கரி புள்ளி புள்ளியாக விழும். அம்மா தினமும் இன்ஜினைத் திட்டுவாள். தினமும் அது கூவிக்கொண்டு போகும்.

அப்பா ரயில்வேயில் மண்டோர். தண்டவாளத்தைப் பார்த்துக்கொள்ளும் பத்து ஆட்களுக்கு மேலாள். காலையில் சுத்தியலைத் தோளில் போட்டுக்கொண்டு லைனில் நடப்பார். இரண்டு தண்டவாளம் சேரும் இடத்தில் தட்டுவார், காது கொடுத்துக் கேட்பார், நகர்வார். போல்ட் இறுகியிருந்தால் ஒரு சத்தம், தளர்ந்திருந்தால் வேறு சத்தம். நமக்கெல்லாம் இரண்டும் ஒன்றுதான். அப்பாவுக்கு இல்லை. ஒரு மழைக்காலத்தில் யார் கண்ணிலும் படாத ஒரு விரிசலை அவர் தட்டியே கண்டுபிடித்து, மெயில் வண்டி வருவதற்குள் சிவப்புக் கொடி காட்டிவிட்டார். அதற்காகத்தான் இன்ஜினியர் துரை கப்பல் ஏறும்போது தன் கிராமபோனை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பெரிய பித்தளைக் குழாய் வைத்தது. எங்கள் வரிசையில் வேறு யாரிடமும் அப்படி ஒன்று கிடையாது.

அதை நாங்கள் மெஷின் என்போம். கூடத்து மூலையில் மேசை மேல் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பா குளித்து, சட்டை மாற்றி, திருநீறு இட்டுக்கொண்டு வந்து சாவி கொடுப்பார். ஊசி இருக்கும் சின்னத் தகர டப்பாவை நான் நீட்ட வேண்டும். தட்டின் ஒரு பக்கம் பாட ஒரு புது ஊசி. இசைத்தட்டுகள் ஆறோ ஏழோதான். அதில் ஒரு நாயனத் தட்டுதான் அப்பாவுக்கு உயிர். யாழ்ப்பாணத்துக்காரரான எங்கள் ஸ்டேஷன் மாஸ்டர் அதைக் கேட்பதற்கென்றே வந்து நாற்காலியில் உட்காருவார். மெஷினை வேறு யாரும் தொடக் கூடாது. தூசி துடைப்பதுகூட அப்பாதான், அதற்கென்று ஒரு பழைய வேட்டித் துண்டு வைத்திருந்தார்.

அந்த வருஷம் வைகாசியில், ரயில்வேயிலேயே வேலை பார்த்த என் அண்ணனுக்குக் கல்யாணம். அண்ணி பாலோ ஸ்டேஷன் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பெண். பன்னிரண்டு வயதிலிருந்து பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவள். பத்து பாகாட் டவுனில் வாங்கிய பச்சை டிரங்குப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தாள். மூடியில் இரண்டு கிளி வரைந்திருக்கும். எங்கள் வீட்டில் அதை வைக்க இடம் இல்லை. உள்ளறையில் அண்ணன் கட்டில், சமையலறையில் அரிசி மூட்டை. அப்பாதான் கூடத்து மேசைக்கு அடியில் காலால் தள்ளி உள்ளே விட்டார். "இங்க கெடக்கட்டும், யார் காலுலயும் இடிக்காது" என்றார்.

அண்ணியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் வந்த மூன்றாம் நாள், நான் டப்பாவிலிருந்து சீனி அள்ளித் தின்றுவிட்டேன். அம்மா, "யாரு சீனிய எடுத்தது?" என்று கத்தினாள். அண்ணி அடுப்படியில் இருந்தாள். "நான் எடுக்கல அத்தை. யார் எடுத்தாங்கன்னு தெரியும். ஆனா சொல்ல மாட்டேன்" என்றாள். அம்மா சிரித்துவிட்டாள். பொய்யும் வராது, கோள் மூட்டவும் வராது, அப்படி ஒரு பிறவி. ஒன்பது வயதுக்காரிக்கு இது தெரிந்தது. வீட்டில் பெரியவர்கள் மூன்று பேருக்குத் தெரியவில்லை.

கல்யாணம் முடிந்து முதல் ஞாயிறு. ஸ்டேஷன் மாஸ்டர் வந்து உட்கார்ந்தார். அப்பா நாயனத் தட்டை வைத்தார். அண்ணி அதற்குமுன் கிராமபோனைப் பார்த்ததில்லை. சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றுவிட்டாள். நாயனம் ஏறும்போது நன்றாகத்தான் இருந்தது. இறங்கிக் கீழே வந்து நின்று ஊதும் இடத்தில், கர்ர்ர் என்று ஒரு சத்தம். மறுபடி ஏறினால் இல்லை. இறங்கினால் கர்ர்ர்.

"என்ன மண்டோர், உள்ளுக்குள்ள வண்டு பூந்திட்டுதோ?" என்று கேட்டுவிட்டு ஸ்டேஷன் மாஸ்டர் சிரித்தார். அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் அப்பாவின் முகம் செத்துவிட்டது. காதுக்காகக் கிடைத்த மெஷின் அல்லவா? அதில் போய் இரைச்சல்.

அடுத்த பத்து நாளும் வீட்டில் வேறு பேச்சே இல்லை. புது ஊசி போட்டார். இரைந்தது. ஊசி பிடிக்கும் திருகை இறுக்கினார். இரைந்தது. ஊசிக்கு மேலே வட்டமாக ஒரு மைக்கா தகடு இருக்குமே, அதன் ஓரத்தில் மெழுகுவர்த்தியை உருக்கி ஒட்டினார். சத்தமே பாதியாகக் குறைந்தது. குறைந்த சத்தத்திலும் இரைந்தது. மெழுகைச் சுரண்டி எடுத்தார். குழாய்க்குள் பல்லி இருக்கிறதோ என்று என்னை ஊதச் சொன்னார். நான் கன்னம் வலிக்க ஊதினேன். ஒரு சிலந்திக்கூடு வந்து விழுந்தது. ஆகா, இதுதான் என்று நாங்கள் எல்லாரும் கைதட்டினோம். தட்டை வைத்தார். கர்ர்ர்.

கூட்ஸ் வண்டி போகும் அதிர்வு என்றார் அண்ணன். வண்டி இல்லாத நேரம் பார்த்து வைத்தார்கள், அப்போதும் இரைந்தது. தட்டுதான் தேய்ந்துவிட்டது என்று நினைத்து வேறு தட்டு வைத்தார்கள். பெண் குரல் பாடும் தட்டில் ஒன்றும் இல்லை. ஆண் குரல் தட்டில் அங்கங்கே லேசாக இரைந்தது. இப்படி ஒரு கோளாறு வந்தால் ஒன்று முழுக்கக் கெட வேண்டும், இல்லை ஒழுங்காக இருக்க வேண்டும். இது இரண்டும் இல்லாமல் நடுவில் நின்று உயிரை வாங்கியது. அப்பா சோற்றில் பாதியில் எழுந்துபோய் சாவி கொடுப்பார். அம்மா சோற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள், குழம்பு ஆறிப்போகும்.

அம்மாதான் ஒரு நாள் சொன்னாள். "மெஷினை அந்தப் பக்கம் தூக்கி வச்சுப் பாருங்களேன். அடுப்படியில வச்சுப் பாருங்க."

அப்பாவுக்கு வந்ததே கோபம். "எடத்தை மாத்துனா கோளாறு போயிருமா? தண்டவாளம் ஒடஞ்சா அதைத் தூக்கி வேற ஊர்ல போட்டா சரியாயிருமா? உனக்கு என்ன தெரியும்?"

அம்மா அதோடு வாயை மூடிக்கொண்டாள். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த வீட்டில் அந்த மாதம் பேசப்பட்ட ஒரே புத்திசாலித்தனமான வார்த்தை அதுதான்.

அடுப்படி வரைக்கும் தூக்காத மனிதர் மெஷினைக் குளுவாங் டவுன் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனார், அதைக் கேளுங்கள். குழாயைத் தனியாகக் கழற்றிப் போர்வையில் சுற்றி என் மடியில் வைத்தார். ரயிலில் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். குளுவாங்கில் ஒரு பாய் கடை இருந்தது. கைலி, அத்தர், கடிகாரம், கிராமபோன் ஊசி எல்லாம் விற்பார். மெஷின் பழுதும் பார்ப்பார். அவர் மெஷினை மரப் பலகை மேல் வைத்து, நாயனத் தட்டைப் போட்டார். ஏறியது, இறங்கியது, கீழே வந்து நின்று ஊதியது. ஒரு பிசிறு இல்லை. மூன்று தடவை போட்டார். பாய் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். அப்பாவுக்குச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை.

"மெஷின்ல ஒரு கோளாறும் இல்லீங்க மண்டோர்" என்றார் பாய். "வீட்டுல யாராச்சும் கை வைக்கிறாங்களா பாருங்க. நீங்க இல்லாத நேரத்துல எடுத்துப் போட்டுப் பாப்பாங்க, அப்புறம் தெரியாத மாதிரி வச்சிருவாங்க. நான் எத்தனை வீட்டுல பாத்துட்டேன்."

அவர் ஏதோ வாயில் வந்ததைச் சொன்னார். அப்பா அதை அப்படியே மடியில் கட்டிக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்து மேசையில் வைத்துச் சாவி கொடுத்தார். கர்ர்ர்.

அப்பாவின் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. லைனில் எங்கேயாவது வண்டி தடதடத்தால், முதலில் போய்ப் பார்ப்பது புதிதாகப் போட்டதைத்தான். புது போல்ட், புதுக் கட்டை, புது ஆணி. பழசு பழகிவிட்டது, புதுசுதான் வேலை காட்டும் என்பார்கள். லைனில் அது சரிதான், எத்தனையோ தடவை அப்பாவைக் காப்பாற்றியிருக்கிறது. அன்றைக்கு அவர் நாற்காலியில் உட்கார்ந்து, வீட்டுக்குள் புதிதாக வந்தது எது என்று யோசித்தார். அண்ணி சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

"இங்க வாம்மா" என்றார்.

அண்ணி முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"மெஷினைத் தொட்டியா?"

"இல்ல மாமா."

"பாரும்மா, ஒடஞ்சா ஒடஞ்சது. பொருள்தானே. என் ஆளு ஒருத்தன் போல்ட்டை இறுக்காம விட்டுட்டு, 'விட்டுட்டேன் மண்டோர்'னு வந்து சொன்னான்னா, நான் அவனை ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். மறைச்சான்னா அன்னைக்கே அனுப்பிருவேன். மறைச்சா வண்டி கவுந்துரும். அதான் கேக்குறேன்."

"நான் தொடல மாமா."

"துடைக்கும்போது கை பட்டிருக்கும்."

"நான் மேசையத்தான் துடைப்பேன். மெஷினைத் துடைக்கிறது நீங்க."

"அப்ப நான்தான் கெடுத்தேனா?"

"நான் அப்படிச் சொல்லல மாமா. நான் தொடலன்னுதான் சொல்றேன்."

எத்தனை நாள் இதே கேள்வி, இதே பதில் என்கிறீர்கள்! அப்பா கத்த மாட்டார். அதுதான் கொடுமை. லைனில் தட்டுவது மாதிரி தட்டிக்கொண்டே இருப்பார். காப்பி கொடுக்க வந்தால் கேட்பார். கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்தால் கேட்பார். கடைசியில் மெஷின் மேல் போர்வையைப் போட்டு மூடிவிட்டார். "உண்மை வெளிய வர்ற வரைக்கும் இதைத் தொறக்க மாட்டேன்" என்றார்.

போர்வை போட்டவுடன் எல்லாருக்கும் அண்ணி மேல் எரிச்சல் வந்துவிட்டது. அம்மா அடுப்படியில் சொன்னாள், "ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலையேம்மா. மனுஷன் அடங்கிருவாரு. நான் இருபத்தஞ்சு வருஷமா அப்படித்தான் ஓட்டுறேன்."

"தொட்டிருந்தா சொல்லியிருப்பேன் அத்தை."

அண்ணன் உள்ளறையில் சொன்னது பலகைச் சுவர் வழியாக எனக்குக் கேட்டது. "அப்பாவை எனக்குத் தெரியும். சொல்லிட்டு விடு. எனக்காக."

"உங்களுக்காக வேற என்ன வேணும்னாலும் செய்றேன்" என்றாள் அண்ணி.

நானும் சொன்னேன். இதை உங்களிடம் மறைக்க மாட்டேன். அண்ணி எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். "சொல்லிருங்க அண்ணி. எனக்குப் பாட்டு கேக்கணும்" என்றேன். சீப்பு நின்றது. "நான் பொய் சொல்றேன்னு நெனைக்கிறியா பாப்பா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியும், இல்லை என்று. சீனி தின்றவள் நான்தானே. ஆனாலும் நான் பதில் சொல்லவில்லை. அண்ணி மீதித் தலையைப் பின்னி, ரிப்பன் கட்டி, எழுந்து போனாள்.

ஆடி பிறந்தது. புதுப் பெண்ணை அழைத்துப் போக அண்ணியின் அப்பா பாலோவிலிருந்து வந்தார். ஒல்லி மனிதர், வெயிலில் கருத்தவர், எங்கள் நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தார். அப்பா அவருக்கு வெற்றிலை கொடுத்தார். பிறகு சொன்னார்.

"பொண்ணு நல்ல வேலைக்காரி, சம்பந்தி. அதுல குறை சொல்ல மாட்டேன். ஆனா உண்மை பேச மாட்டேங்குது. நீங்க கொஞ்சம் சொல்லிக் கொடுத்து அனுப்புங்க."

அந்த மனிதர் கையில் வெற்றிலையை வைத்துக்கொண்டு போடாமலே இருந்தார். அண்ணி மேசைக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தாள். கொடியில் கிடந்த துணி, கண்ணாடி, சீப்பு எல்லாவற்றையும் உள்ளே வைத்தாள்.

"ஆடிக்குப் போற பொண்ணுக்கு ரெண்டு சேலை போதாதா? பெட்டி எதுக்கு?" என்றாள் அம்மா.

"இருக்கட்டும் அத்தை."

அண்ணனும் அண்ணியின் அப்பாவும் ஆளுக்கொரு பக்கம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார்கள். அண்ணி பின்னால் நடந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு அப்பா போர்வையை எடுத்தார். ஏதோ ஒரு நப்பாசை. நாயனத் தட்டை வைத்தார். ஏறியது, இறங்கியது, கீழே வந்து நின்றது. சுத்தம். மெஷின் துரை வீட்டிலிருந்து வந்த அன்றைக்குப் பாடியது மாதிரி பாடியது. அப்பா இரண்டாம் பக்கத்தையும் போட்டார். அதுவும் சுத்தம்.

"பாத்தியா?" என்றார் அம்மாவிடம். "கை வைக்க ஆள் இல்ல. இரைச்சலும் இல்ல. நான் சொன்னேனா இல்லையா?"

அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார். நான் நாயனத்தைக் கேட்டுச் சந்தோஷப்பட்டேன். சந்தோஷப்பட்டேன் என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது. மேசைக்கு அடியில் பெட்டி இருந்த இடம் காலியாக இருந்ததை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. இத்தனைக்கும் அம்மா அந்த இடத்தைத் தினமும் பெருக்கினாள்.

ஆவணி வந்தது, அண்ணி வரவில்லை. அண்ணன் போய்ப் பார்த்துவிட்டு ஒற்றை ஆளாகத் திரும்பினார். "பொய்க்காரின்னு பேர் வாங்கிக்கிட்டு அந்த வீட்டுக்குள்ள வர மாட்டேங்கிறா" என்றார்.

"அப்ப அங்கேயே இருக்கட்டும்" என்றார் அப்பா. அதற்குப் பிறகு அண்ணன் அப்பாவிடம் வேலை விஷயம் தவிர வேறு பேசவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் ஞாயிற்றுக்கிழமை வந்துகொண்டுதான் இருந்தார். ஆனால் பாட்டு முடிந்ததும் எழுந்துவிடுவார். முன்பு போலக் காப்பிக்கு நிற்பதில்லை.

ஐப்பசியில் அடைமழை. வாசல் பக்கத்துக் கூரை ஒழுகியது. அப்பாவின் கைவிளக்கு வாசல் ஆணியில் தொங்கும், சிவப்பும் பச்சையும் கண்ணாடி வைத்து வண்டிக்குக் காட்டும் விளக்கு. அது நனையாமல் இருக்க மேசையின் அடிச்சட்டத்தில் கொண்டுவந்து மாட்டினார். அந்த ஞாயிறு நாயனத் தட்டை வைத்தார். ஏறியது. இறங்கியது.

கர்ர்ர்.

அப்பாவும் அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அண்ணி பாலோவில் இருக்கிறாள். யாரும் மெஷினைத் தொடவில்லை. அப்பா தட்டை மறுபடி வைத்தார். இந்தத் தடவை அவர் மெஷினைப் பார்க்கவில்லை. லைனில் நிற்பது மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார். சுவரில் கை வைத்தார். மேசையில் கை வைத்தார். குனிந்தார். விளக்கைப் பிடித்தார். இரைச்சல் நின்றது. கையை எடுத்தார். கர்ர்ர். பிடித்தார், நின்றது.

விளக்குக்குள் பச்சைக் கண்ணாடி தளர்ந்திருந்தது. நாயனம் அந்த ஒரு இடத்துக்கு இறங்கும்போது மேசை லேசாக அதிர்ந்து கண்ணாடியும் கூட அதிர்ந்தது, அவ்வளவுதான். பிறகு அவரே சொன்னார், அந்த டிரங்குப் பெட்டியின் நாதாங்கியும் தளர்ந்து தொங்கியது, மேசைக் காலை ஒட்டி இருந்தது, முதலில் இரைந்தது அதுதான் என்று.

உங்களுக்கு என்ன தோன்றும்? மனிதர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார் என்றுதானே? இல்லை. அப்பாவுக்குச் சந்தோஷம்! கோளாறு பிடிபட்டுவிட்டதே! "ஏய், இங்க வா, இங்க வா, கையை வச்சுப் பாரு!" என்று அம்மாவைக் கூப்பிட்டார். என் கையைப் பிடித்து விளக்கின் மேல் வைத்தார். ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்ல வேண்டும் என்று மழையில் குடையில்லாமல் இறங்கப் போனார்.

அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். நான் அம்மாவை அப்படிப் பார்த்ததில்லை. "அது இருக்கட்டும். அந்தப் பொண்ணு?" என்று கேட்டாள்.

அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார்.

அடுத்த ஞாயிறு அப்பாவும் நானும் பாலோவுக்குப் போனோம். அண்ணனுக்கு அன்று வேலை. "பிள்ளையக் கூட்டிக்கிட்டுப் போங்க, அவ மனசு எளகும்" என்று அம்மாதான் என்னை அனுப்பினாள். தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகள், லயம் என்போம், ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிஷ நடை. பால்மரத்து இலைகள் மழையில் ஊறி மணத்தன. அண்ணி எங்களைப் பார்த்ததும் பாய் விரித்தாள், தேத்தண்ணி கலந்து கொடுத்தாள். மெலிந்திருந்தாள். என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போய் கதவோரம் நின்றாள். அவள் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு அவசரமாக வந்தார்.

அப்பா ஆரம்பித்தார். விளக்கு, பச்சைக் கண்ணாடி, மேசைச் சட்டம், நாதாங்கி. எந்த இடத்தில் நாயனம் இறங்கும் என்று வாயாலேயே ஊதிக் காட்டினார். கையை வைத்தால் எப்படி நிற்கும் என்று தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்துக் காட்டினார். பாய் கடையில் ஏன் இரையவில்லை என்று விளக்கினார். ரொம்ப நன்றாகச் சொன்னார். எனக்கே எல்லாம் புரிந்தது.

"அதான்மா விஷயம்" என்று முடித்தார். "மெஷின்ல ஒண்ணும் இல்ல. எல்லாம் அந்தப் பெட்டி பண்ண வேலை. கெளம்பு, இப்ப வர்ற வண்டிக்கே போயிரலாம்."

அண்ணி நகரவில்லை.

"பெட்டியப் பத்திச் சொல்லிட்டீங்க மாமா. என்னைப் பத்திச் சொல்லுங்க."

"உன்னைப் பத்தி என்னம்மா?"

"நான் உண்மை பேச மாட்டேன்னு எங்கப்பாகிட்ட சொன்னீங்க. இந்தா நிக்கிறாரு எங்கப்பா. நான் பொய் சொல்லலன்னு அவர்கிட்ட சொல்லுங்க. நான் இப்பவே கெளம்பி வர்றேன்."

"விடும்மா" என்றார் அவள் அப்பா. "பெரியவங்க இவ்வளவு தூரம் வந்திருக்காங்க. அதுவே போதாதா?"

"நீங்க சும்மா இருங்கப்பா."

அப்பா தேத்தண்ணியை எடுத்தார், குடிக்காமல் கீழே வைத்தார். "அதான் பெட்டின்னு சொல்லிட்டேனே" என்றார். அண்ணி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா மறுபடி நாதாங்கியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். தகரம் எவ்வளவு மெல்லிசு என்றார். சொல்லுங்கப்பா, சொல்லித் தொலைங்கப்பா என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் என் கையை எடுத்துவிட்டார்.

"வண்டிக்கு நேரமாச்சு" என்று எழுந்தார்.

அண்ணி லயத்து முனை வரை வந்தாள். என் பாவாடை நாடா அவிழ்ந்திருந்தது. குனிந்து இறுக்கிக் கட்டிவிட்டாள்.

அவள் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வரவே இல்லை. தை மாதம் அண்ணன்தான் வேலையை விட்டுவிட்டு அந்தத் தோட்டத்துக்குப் போனார். அங்கேயே குடும்பமானார்கள், பிள்ளைகள் பிறந்தார்கள், நாங்கள் கல்யாணம் கருமாதிக்குப் பார்த்துக்கொண்டோம். அதெல்லாம் வேறு கதை. எனக்கு இன்றைக்கும் ஆறாமல் இருப்பது அன்றைக்குப் பாலோ ஸ்டேஷனில் நடந்தது.

பெஞ்சில் நானும் அப்பாவும் உட்கார்ந்திருந்தோம். அப்பா தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் திருப்பாமலே, "அந்தப் பொண்ணு பொய் சொல்லல" என்றார்.

நான் அவர் பக்கம் திரும்பினேன். "என்கிட்ட ஏம்பா சொல்றீங்க? அங்க சொல்லியிருக்கலாம்ல?"

"வண்டிக்கு நேரமாயிருச்சேம்மா."

வண்டி ஒரு மணி நேரம் தாமதம் என்று நாங்கள் ஸ்டேஷனுக்குள் நுழையும்போதே சொல்லிவிட்டார்கள். லயம் பத்து நிமிஷ நடைதான், மழையும் விட்டிருந்தது. அந்த ஒரு மணி நேரமும் நாங்கள் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தோம்.